ஊரே வரும் என்று நான் சொன்னது

மலைமுகட்டுக் குகையிருளில் ஒற்றை விளக்கின் ஒளியாய் நிற்பவனே, சொல் பிறக்கும் முன்னும் அடங்கிய பின்னும் இருப்பவனே! நாவால் உன்னைப் புகழ்ந்தே எழுபது ஆண்டுகளைக் கழித்தவன், அந்த நாவால் செய்த பிழையை எழுத இன்று உட்கார்ந்திருக்கிறேன். என்னைக் காத்துக்கொள்வதற்காக என் எழுத்து வளையாதபடி நீயே பார்த்துக்கொள்.

ஆவணித் திங்கள், வளர்பிறை, திருவோணம் கூடிய வியாழக்கிழமை. நற்செயல் தொடங்க உகந்த நாள் என்று பஞ்சாங்கம் சொல்கிறது. நான் தொடங்குவதற்கு அந்தப் பெயர் பொருந்துமா என்று தெரியவில்லை. ஆயினும் வேறு நாளுக்குத் தள்ளிப்போடும் துணிவு இல்லை. தள்ளிப்போட்டதன் விளைவைத்தான் எழுதப் போகிறேன்.

ஏற்காட்டு மலையில் ஒரு காப்பி எஸ்டேட்டில் முப்பத்துநான்கு ஆண்டுகள் ரைட்டராக இருந்தேன். காலையில் ஆள் பெயர் பதிவது, மாலையில் பறித்த பழத்தை நிறுத்து எழுதுவது, வார இறுதியில் கூலிப் பட்டியல் போடுவது. ஓய்வுபெற்ற பின்னும் மலையை விட்டு இறங்கவில்லை. மஞ்சக்குட்டைக்குப் போகும் வழியிலுள்ள ஒரு சிற்றூரில் இரண்டு அறை வீடு கட்டிக்கொண்டேன். சமவெளியிலிருந்து எஸ்டேட் வேலைக்கு வந்த என் தந்தை எனக்கு விட்டுச்சென்ற சொத்து பதிகங்களும் பாசுரங்களும்தாம். விடியலில் சில, அந்தியில் சில என்று இன்றுவரை ஓதிவருகிறேன். குரல் உடைந்துவிட்டது. கேட்பதற்கும் ஆள் குறைந்துவிட்டது. இந்த இரண்டாவது குறையை நான் எவ்வளவு ஆழமாக மனத்தில் வைத்திருந்தேன் என்பது பின்னால்தான் எனக்கே தெரிந்தது.

எங்கள் ஊரில், என் அடுத்த வீட்டில், ஒரு கைம்பெண் இருக்கிறாள். ஐம்பதைக் கடந்தவள். அவளும் அவள் கணவரும் நான் வேலை பார்த்த எஸ்டேட்டிலேயே பழம் பறித்தவர்கள். இருபது ஆண்டுக் கூலியில் மிச்சம் பிடித்து, கழுத்திலும் காதிலும் இருந்ததை விற்று, ஓர் ஏக்கர் பட்டா நிலம் வாங்கினார்கள். சில்வர் ஓக் மரங்களின் நிழலில் காப்பிச் செடி, மரத்துக்கு மரம் மிளகுக் கொடி. ஆறு ஆண்டுகளுக்கு முன் கணவர் காமாலையில் இறந்தார். ஒரே மகள் சேலத்தில் வாழ்க்கைப்பட்டவள். பட்டாவைத் தாயின் பெயருக்கு மாற்றும் மனுவை எழுதிக் கொடுத்தவன் நான். விவசாயிகளுக்கு அரசு தரும் உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுதியவனும் நான்தான். அவளுக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். "ரைட்டரய்யா எழுதுனா கவர்மெண்டே படிக்குமுங்க" என்று என்னைப் பற்றிப் பெருமையாகப் பேசுவாள்.

நான்கு மாதத்துக்கு ஒருமுறை இரண்டாயிரம் ரூபாய் அவள் வங்கிக் கணக்கில் விழும். ஒரு தவணை எருவுக்கு, ஒரு தவணை களையெடுக்கும் ஆட்களுக்கு, ஒரு தவணை வேலிக்கம்பிக்கு. பெரிய தொகை அன்று. ஆனால் அந்தப் பட்டியலில் பெயர் இருக்கிறது என்பதையே சான்றாக வைத்துக் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கொடுத்தார்கள். அந்தக் கடனில்தான் தோட்டம் ஓடியது. பக்கத்து நிலங்களில் விடுதிகள் எழும்பிவிட்டன. அவளுடைய ஏக்கரையும் ஒருவர் விலைக்குக் கேட்டுக்கொண்டே இருந்தார். "செத்தா என்ற பொணம் அந்தக் காட்டு வழியாத்தான் போகோணும். அது வரைக்கும் காடு என்னுதுதான்" என்று அவள் சொல்லி அனுப்பினாள்.

எங்கள் பக்கத்துச் சிறு தோட்டக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. காடு என்று நாங்கள் சொல்லும் தோட்டத்தின் மேல்மூலையில் மரத்தை வளர்க்காமல் சிறிது வெளி விட்டு, ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசிப் பொட்டிடுவார்கள். பறிப்புத் தொடங்கும் நாளில் முதல் கைப்பிடிப் பழம் அந்தக் கல்லின் காலடிக்குப் போகும். அதை எவரும் நிறுக்கமாட்டார்கள். அது அந்தந்த வீட்டுத் தெய்வம். அடுத்த காட்டுக்காரர் அங்கே வந்து கும்பிடுவதில்லை. மகள் சிறுமியாக இருந்தபோது விடாத காய்ச்சலிலிருந்து பிழைத்தாள் என்று அவள் கணவர் அங்கே ஒரு சூலத்தையும் நட்டிருந்தார். வெள்ளிக்கிழமைகளில் நான் அங்கே போய் நான்கைந்து பாடல்கள் பாடுவேன். பாடுகிறவன் நான் ஒருவன், கேட்கிறவள் அவள் ஒருத்தி. பல வெள்ளிகளில் அவளும் களைவெட்டிக்கொண்டேதான் கேட்பாள்.

சென்ற ஆண்டு ஆனி மாதம், உதவித்தொகை பெறுவோரின் நிலங்களை நேரில் பார்த்துப் படமெடுக்க ஓர் அலுவலர் வந்தார். நாற்பது வயதிருக்கும். கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிவிட்டுக்கொண்டு மேடேறினார். துணைக்கு வரும்படி அவள் என்னைக் கேட்டிருந்தாள். நில உரிமையாளர் தம் நிலத்தில் நிற்க, இடத்தின் குறியீடு விழும்படி கைப்பேசியில் படமெடுக்க வேண்டும். மரநிழலில் எங்கே நின்றாலும் கைப்பேசிக்கு இடம் பிடிபடவில்லை. வானம் தெரியும் இடம் கல் இருந்த மூலை ஒன்றுதான்.

"செருப்பக் கழட்டிப் போட்டு வாங்க சார்" என்றாள் அவள்.

"நான் காட்டப் பாக்க வந்தவனுங்க அம்மணி. கோயிலுக்கு வரலீங்க."

"காட்டுக்குச் செருப்போடயே வாங்க, ஆரு வேண்டாங்கறா? கல்லுகிட்ட மட்டும் கழட்டுங்க. கரண்டாபீசுக்காரரு ஒருத்தரு கழட்ட மாட்டேன்னுட்டு நின்னாரு. ஊடு போய்ச் சேர்றதுக்குள்ள அவரு பைக்கு மூணு தடவ நின்னு போச்சுங்க."

"பெட்ரோல் தீந்திருக்கும்."

"தீர வெச்சது ஆருங்க?"

அலுவலர் சிரித்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார். அவள் கல்லருகே கைகூப்பி நின்றாள். படம் எடுத்தாயிற்று. கைப்பேசியில் ஏதோ நிரப்பிக்கொண்டே அவர் என்னிடம் கேட்டார்:

"ஏனுங்க ஐயா, இது இவுங்க ஊட்டுச் சாமிங்களா, இல்ல எல்லாரும் வந்து கும்பிடறதுங்களா?"

தெளிவான கேள்வி. மரியாதையாகக் கேட்டார். 'இவர்கள் வீட்டுச் சாமி' என்ற மூன்று சொல்லில் முடிந்திருக்க வேண்டியது. எனக்கோ அது தெய்வத்தின் பெருமையை எடைபோடும் கேள்வியாகப் பட்டது. அதைவிடக் கீழான உண்மை ஒன்றுண்டு. நான் பாடுகிற இடத்தில் கேட்க ஆளில்லை என்று ஒரு வெளியூர்க்காரரிடம் ஒப்புக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருந்தது.

"ஊரே வருமுங்க" என்றேன். "ஆடிப் பதினெட்டுக்கு இங்கே நிற்க இடம் இருக்காது. வெள்ளிதோறும் பாராயணம் உண்டு."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறர் எதிரில் மூத்தவர் பேச்சை மறுத்துச் சொல்வது எங்கள் பக்கத்தில் இல்லை. அலுவலர் தலையசைத்துக்கொண்டு கைப்பேசித் திரையில் எதையோ தொட்டார். கடுங்காப்பி குடித்துவிட்டு இறங்கிப் போனார். அன்று அந்தியில் வழக்கத்தைவிட இரண்டு பாடல்கள் கூடுதலாகப் பாடினேன்.

ஆவணித் தவணை வரவில்லை. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கைரேகைதான் காரணமாக இருக்கும் என்றாள். பழம் பறிக்கும் கைகளில் ரேகை நிற்பதில்லை. அடையாளம் புதுப்பிக்கும்போதெல்லாம் கருவி அவளைத் திருப்பியனுப்பியிருக்கிறது. ஏற்காட்டு பஜாரில் இத்தகைய வேலைகளைச் செய்து தரும் சேவை மையம் ஒன்றுக்கு இருவரும் ஜீப்பில் போனோம். அங்கிருந்த பெண் அவளுடைய பத்து விரல்களையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள்.

"ஏனுங்கக்கா, ரேகையெல்லாம் எங்க போச்சு?"

"எஸ்டேட்காரனுக்குக் குடுத்தாச்சு கண்ணு. கட்டவெரல்ல கொஞ்சம் மிச்சம் இருக்கும், தேடிப் பாரு."

"தேங்காயெண்ணெய் தேச்சு ஊற வெச்சிட்டு வாங்க. ஒரு வாரம் காப்பிக் காட்டுப் பக்கமே போவாதீங்க."

"ஒரு வாரம் நீ வந்து களையெடுக்கறயா?"

அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். மூன்று முறை அப்படிப் போய் வந்தோம். மூன்றாம் முறை கட்டைவிரலைக் கருவி ஏற்றுக்கொண்டது. பணம் வந்துவிடும் என்று நம்பினோம். புரட்டாசியும் போனது.

ஐப்பசியில் மருந்து வாங்கத் தனியாக பஜாருக்குப் போனபோது, அவளுடைய பதிவெண் என்னிடம் இருந்ததால் மையத்தில் ஏறி விசாரித்தேன். அந்தப் பெண் திரையை என் பக்கம் திருப்பினாள். கைரேகைக்கு நேராகச் சரி என்ற குறி இருந்தது. அதற்குக் கீழே, பொது வழிபாட்டிடம் உள்ள நிலம், தகுதியில்லை என்று பதிந்திருந்தது.

"கோயில் நெலத்துக்கெல்லாம் இந்தப் பணம் வராதுங்களே ஐயா. அக்கா காட்டுல கோயில் இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

நான் "பார்க்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன். மஞ்சக்குட்டை ஜீப் கிளம்பத் தயாராக நின்றது. அதில் ஏறாமல் ஏரிக்கரையில் நெடுநேரம் நின்றேன். மழை தூறிக்கொண்டிருந்தது. வீடு திரும்பியபோது அவள் வாசலில் காத்திருந்தாள்.

"விசாரிச்சீங்களா ரைட்டரய்யா? மெஷினு வாங்குன பொறவும் இன்னும் கைரேகதானுங்களா?"

"ஆமாம் அம்மணி. எண்ணெய் தேய்ப்பதை விட்டுவிடாதே."

இந்த வரியை எழுதுமுன் நெடுநேரம் பேனாவைக் கீழே வைத்திருந்தேன். முன்னே சொன்னது பெருமைக்காகச் சொன்ன பொய். இது தெரிந்தே, ஓர் ஏழையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்ன பொய்.

மறுவாரம் அவளுக்குத் தெரியாமல் வேளாண்மை அலுவலகம் போனேன். அதே அலுவலர் இருந்தார். என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

"நீங்க சொன்னதத்தானுங்க ஐயா நான் பதிஞ்சேன். தப்புன்னா ஒண்ணும் மோசமில்ல. இது தனியார் ஊட்டுச் சாமி, பொதுமக்கள் ஆரும் இங்க வழிபட வர்றதில்லன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. இந்த மாசமே மாத்திடலாமுங்க."

வெள்ளைத்தாள் ஒன்றை என் முன் வைத்தார். முப்பத்துநான்கு ஆண்டுகள் ஆயிரக்கணக்கான வரிகளை எழுதியவனுக்கு அந்த ஒரு வரி வரவில்லை. 'ஆரும் வழிபட வருவதில்லை' என்று இறைவன் சந்நிதியைக் குறித்து என் கையால் எழுதுவதா என்று மனம் முரண்டியது. பக்தி என்று அதற்குப் பெயரிட்டுக்கொண்டேன். வீட்டில் யோசித்து எழுதி வருவதாகச் சொல்லித் தாளை மடித்து எடுத்துவந்தேன். அது என் பாசுர ஏட்டுக்குள் கிடந்தது.

கார்த்திகை போனது. மார்கழி முழுதும் பனியில் எழுந்து, குளித்து, ஏட்டைத் திறந்து ஓதினேன். ஒவ்வொரு விடியலிலும் அந்தத் தாளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு ஓதினேன். தானே நேராகிவிடும்படி வேண்டினேன். அலுவலகம் எங்கள் ஊரிலிருந்து ஒரு பஸ் தொலைவு. இறைவன் செய்ய வேண்டிய வேலை அதில் எதுவும் இல்லை.

அந்த மாதங்களில் அவளுக்கு நேர்ந்தவற்றை அடுத்த வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டியலில் பெயர் நிறுத்தப்பட்டிருப்பதால், அது தீரும்வரை கடன் இல்லை என்று சங்கத்தில் சொல்லிவிட்டார்கள். புரட்டாசி மழைக்குப் பின் வைக்க வேண்டிய எரு வைக்கப்படவில்லை. காயில் துளைப்பான் வண்டு விழுந்தது. மருந்தடிக்க ஆள் வைக்கவில்லை. காட்டெருமைகள் கீழ்ப்பக்க வேலியைச் சாய்த்துக்கொண்டு இறங்கி, இளஞ்செடிகள் இருந்த பாத்தியை மிதித்துப் போட்டன. வேலிக்கம்பி வாங்க, கழற்றி வைத்திருந்த தாலிக்கொடியின் பொன் குண்டுமணிகளை அடகு வைத்தாள். பறிப்புக்குக் கூலியாள் வைக்க முடியாமல் தனியாகவே பறித்தாள். பறித்ததைவிட உதிர்ந்தது அதிகம். முந்திய ஆண்டு விளைச்சலில் பாதிகூடத் தேறவில்லை. அடகுக்கு வட்டி ஏறியது. மகள் வீட்டில் கேட்டுப் பார்த்தாள். அவர்கள் நிலையும் அதுதான். நிலத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர் மறுபடி வந்தார். இம்முறை அவள் சொல்லி அனுப்பவில்லை. உட்கார வைத்துக் காப்பி கொடுத்தாள்.

அந்தக் காப்பி டம்ளரைப் பார்த்த பிறகுதான் எனக்கு அச்சம் வந்தது. தை மாதம் இரண்டாவது வாரம், ஒரே மூச்சில் அந்த வரியை எழுதினேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. எடுத்துக்கொண்டு அலுவலகம் ஓடினேன். பழைய அலுவலர் மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்தவர் தாளை வாங்கி மேலும் கீழும் பார்த்தார்.

"இது போன வருச சரிபார்ப்புங்களே ஐயா. அது முடிஞ்சு மேல போயிடுச்சு. இனி புதுசா மனு போட்டு, மறுபடி எடம் பாத்து, மேல இருந்து உத்தரவு வந்தாத்தானுங்க. கார்த்திகையில கொண்டாந்திருந்தீங்கன்னா இங்கயே முடிச்சிருக்கலாம்."

"எவ்வளவு நாளாகும்?"

"அத நான் எப்படீங்க சொல்றது?"

திரும்பி வந்த அன்றே சொல்லியிருக்க வேண்டும். மனு எழுதி அனுப்பிவிட்டு மறுபடியும் காத்திருந்தேன். மாசி பிறந்தது. நிலத்தை விலை பேசி அவள் முன்பணம் வாங்கிவிட்டாள். பத்திரப் பதிவுக்கு முந்திய நாள், கல்லையும் சூலத்தையும் சாக்கில் வைத்துத் தலையில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். நான் வாசலில் நின்றிருந்தேன். அவள் சாக்கை இறக்கி வைத்து மூச்சு வாங்கிய பின், எல்லாவற்றையும் சொன்னேன். திரையில் கண்டது, வெள்ளைத்தாள், மார்கழி, ஒன்றும் விடாமல்.

அவள் அழவில்லை. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டிருந்தாள். பிறகு நிதானமாகப் பேசினாள்.

"அன்னிக்கு நீங்க சொன்னது பொய்யின்னு எனக்குத் தெரியுமுங்க. பெரியவரு சாமி பேருல ஒரு வார்த்த கூட்டிச் சொல்றாரு, போவட்டும்னு உட்டேன். என்ற தப்பும் இருக்குது. அத உடுங்க. ஐப்பசியிலயே காரணம் தெரிஞ்சு போச்சுல்லங்க?"

"தெரியும்."

"அப்ப எதுக்குங்க என்னய எண்ணெய் தேய்க்கச் சொன்னீங்க? நெசத்தச் சொல்லியிருந்தா நானே ஆபீசுக்கு நடந்து போயி, எங்க ஊட்டுச் சாமிங்க, ஒரு குஞ்சும் வராதுங்கன்னு சொல்லியிருப்பேனுங்களே. எனக்கென்ன வெக்கம்? நான் பாட்டா பாடறேன்?"

நான் தலைகுனிந்து நின்றேன்.

"பதிவை நிறுத்திவிடலாமா அம்மணி? முன்பணத்தை நான் எப்படியாவது..."

"செலவாயிடுச்சுங்க. குண்டுமணியத் திருப்பிட்டேன்." சாக்கைச் சுவரோரம் நகர்த்திவிட்டு, "நொம்ப நேரமா நின்னுட்டு இருக்கறீங்க. போயி உக்காருங்க" என்றாள்.

மறுநாள் பதிவு முடிந்தது. சாட்சிக் கையெழுத்துப் போட வேறு ஒருவரை அழைத்துப் போனாள்.

என் மனு ஏற்கப்பட்டதாக வைகாசியில் கடிதம் வந்தது. பொது வழிபாட்டிடம் என்ற பதிவு நீக்கப்பட்டிருந்தது. நில உரிமையாளர் மாறிவிட்டதால் தவணை வழங்க இயலாது என்றும் அதிலேயே எழுதியிருந்தது. அதை அவளிடம் படித்துக் காட்டினேன். படித்துக் காட்டாமல் வைத்துக்கொள்ளும் உரிமை எனக்கு இனி இல்லை. "சரிங்க" என்று கேட்டுக்கொண்டு உலைக்கு அரிசி களைந்தாள்.

இப்போது அந்த ஏக்கரில் சில்வர் ஓக் மரங்கள் இல்லை. இயந்திரம் மண்ணைச் சரித்துத் தளம் போட்டுவிட்டது. அவள் பழைய எஸ்டேட்டிலேயே நாள்கூலிக்குப் பறிக்கப் போகிறாள். காலை ஏழு மணி ஜீப்பில் சில நாள் நானும் ஏற வேண்டியிருக்கும். அவள் நகர்ந்து இடம் கொடுப்பாள், "மேலுக்குச் சொகந்தானுங்களா" என்று கேட்பாள். எஸ்டேட் வாசல் வந்ததும் இறங்கிப் போவாள். எழுத வேண்டிய மனுக்களுக்கு அவள் இப்போது என்னிடம் வருவதில்லை. பஜார் மையத்துப் பெண்ணிடம் போகிறாள்.

இதைப் படிக்கும் அனைவருக்கும் நிலமும் நீரும் நிலைக்கட்டும். உங்கள் பெயர் உரிய இடத்தில் எழுதப்பட்டிருக்கட்டும். உங்களுக்காகப் பேச வருகிறவர்கள் உள்ளதை மட்டும் பேசட்டும். பிறருக்காகப் பேச உங்களுக்கு வாய்ப்பு வந்தால், தெரிந்ததைத் தெரிந்த அன்றே சொல்லும் திடத்தை இறைவன் உங்களுக்கு அருளட்டும். நீங்கள் குறைவின்றி வாழ்க.